அல்சைமரும் மூளையின் இன்சுலின் எதிர்ப்பும்: எந்த வைட்டமின் யாருக்கு உதவும்?

வீட்டில் ஒருவருக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. மருத்துவர் 'லேசான அறிதிறன் குறைவு' என்றோ 'ஆரம்பநிலை அல்சைமர்' என்றோ சொல்லிவிட்டார். சர்க்கரை அளவும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. இணையத்தில் தேடினால், அல்சைமர் என்பதே 'டைப் 3 சர்க்கரை நோய்' என்கிறது ஒரு பக்கம். மூளையின் இன்சுலின் எதிர்ப்பை இந்த மாத்திரை சரிசெய்துவிடும் என்கிறது இன்னொரு பக்கம். பி காம்ப்ளெக்ஸ், ஈ, டி, பென்ஃபோதயமின், மல்ட்டிவைட்டமின் என்று பட்டியல் நீள்கிறது. எதை வாங்குவது, அல்லது எல்லாவற்றையும் வாங்கிவிடலாமா என்பதுதான் பலர் கேட்கும் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையின் இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும் என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட வைட்டமின் எதுவும் இல்லை. ஆனால் சில வைட்டமின்கள் சிலருக்கு, நோயின் சில கட்டங்களில், வேறு வழியாக உதவுகின்றன. உங்கள் வீட்டு நோயாளி அந்தச் சிலரில் ஒருவரா என்பதை விளம்பரம் சொல்லாது, பெரும்பாலும் ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

## இன்சுலினுக்கு மூளையில் என்ன வேலை?

'டைப் 3' என்ற பெயர் பரவியது 2005-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் சூசன் டி லா மான்ட்டே குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு. அது ஒரு கருத்தாக்கம்தான், மருத்துவத்தில் ஏற்கப்பட்ட நோய்ப்பெயர் அல்ல. கருத்துக்கு வலு சேர்த்தது 2012-இல் வந்த இன்னோர் ஆய்வு. அல்சைமரால் இறந்தவர்களின் மூளைத் திசுவை எடுத்து, அதன்மீது இன்சுலினைச் செலுத்திப் பார்த்தார்கள். நினைவுக்கு மையமான ஹிப்போகாம்பஸ் பகுதித் திசு, சாதாரண மூளைத் திசுவோடு ஒப்பிட்டால், மிகக் குறைவாகவே பதில் கொடுத்தது. இவர்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்கள் என்பது இதில் முக்கியமான செய்தி. அழைப்பு மணி அடிக்கிறது, உள்ளே இருப்பவருக்குக் காது கேட்கவில்லை. இன்சுலின் எதிர்ப்பு என்பது அந்த நிலைதான்.

பலரும் நினைப்பதுபோல, இன்சுலின் இல்லாவிட்டால் நரம்பணுவுக்குள் சர்க்கரை நுழையவே முடியாது என்பதில்லை. தசைக்குத்தான் அந்த விதி பெரிதும் பொருந்தும். நரம்பணுக்கள் பெரும்பாலும் இன்சுலினை எதிர்பார்க்காத வேறொரு வாயில் வழியாகச் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. மூளையில் இன்சுலினின் முக்கிய வேலை, நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளைப் பராமரிப்பதும் ஜிஎஸ்கே-3 என்ற நொதியை அடக்கி வைப்பதும். அந்த நொதி கட்டுமீறினால் டவ் புரதத்தில் பாஸ்பேட் ஏறி, அல்சைமருக்கே உரிய சிக்கல் முடிச்சுகளுக்கு வழி திறக்கிறது. தவிர, இன்சுலினைச் சிதைக்கும் நொதியே, அல்சைமர் மூளையில் படியும் புரதமான அமைலாய்டையும் சிதைக்கிறது. இரத்தத்தில் இன்சுலின் எப்போதும் மிகுந்திருந்தால் அந்த நொதிக்கு அமைலாய்டைக் கவனிக்க நேரம் இருக்காது என்ற ஊகமும் உண்டு.

ஆக, சர்க்கரையை எரிப்பதில் உதவும் வைட்டமின் எதுவானாலும் அது இன்சுலின் எதிர்ப்பையும் சரிசெய்யும் என்று தாவிவிட முடியாது. விற்பனைப் பக்கங்கள் இந்தத் தாவலைத்தான் செய்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்வோம்.

1. போலி மாத்திரையோடு ஒப்பிட்ட மனித ஆய்வு உண்டா? நோயின் எந்தக் கட்டத்தில்? நலமாக இருப்பவருக்குக் கிடைத்த பலன் அல்சைமர் நோயாளிக்கும் கிடைக்கும் என்பதில்லை.
2. யாருக்குப் பயன்படும் என்பதை முன்கூட்டியே பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?
3. இன்சுலின் வேலை செய்வதற்கு அது துணையா, தடையா?
4. மறைவிலை என்ன? பக்கவிளைவு, மற்ற மருந்துகளோடு மோதல், பரிசோதனை முடிவுகளைக் குழப்புதல், பயனுள்ள வேறொன்றைத் தள்ளிப்போட வைப்பது எல்லாம் இதில் சேரும்.

## பி12, ஃபோலேட், பி6

இந்தப் பட்டியலில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இந்தக் கூட்டணிக்குத்தான்.

இவை மூன்றும் சேர்ந்து இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளைக் குறைக்கின்றன. அது கூடினால் மூளை சுருங்கும் வேகமும் மறதிநோய் அபாயமும் கூடுவதாகப் பல மக்கள்தொகை ஆய்வுகள் காட்டின. ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஸ்மித் குழு நடத்திய விட்டாகாக் ஆய்வு (2010) இதை நேரடியாகச் சோதித்தது. லேசான அறிதிறன் குறைவு உள்ள, 70 வயதைத் தாண்டிய 168 பேருக்கு 2 ஆண்டு இடைவெளியில் மூளை ஸ்கேன் எடுத்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களின் மூளை ஆண்டுக்கு 1.08 சதவீதம் சுருங்கியது, வைட்டமின் எடுத்தவர்களின் மூளை 0.76 சதவீதம். தொடக்கத்தில் ஹோமோசிஸ்டீன் (லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில்) 13-க்கு மேல் இருந்தவர்களிடம் சுருக்கத்தின் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பின்னர் அதே தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: இரத்தத்தில் ஒமேகா-3 நல்ல அளவில் இருந்தவர்களுக்குத்தான் பலன் கிடைத்திருந்தது.

இதை மட்டும் படித்தவர்கள் உடனே மாத்திரை வாங்கப் புறப்படுவார்கள். 2008-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வையும் படித்துவிட்டுப் போகட்டும். அதில் இருந்த 409 பேருக்கும் ஏற்கெனவே லேசான அல்லது மிதமான அல்சைமர் உறுதியாகியிருந்தது. இதே மூன்று வைட்டமின்கள் கூடுதல் அளவில் 18 மாதம் தரப்பட்டன. ஹோமோசிஸ்டீன் குறைந்தது, அறிவாற்றல் சரிவு குறையவில்லை. வைட்டமின் எடுத்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகப் பதிவானது.

இரண்டு ஆய்வுகளும் முரண்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஹோமோசிஸ்டீன் உயர்ந்திருக்க வேண்டும், நோய் முற்றியிருக்கக் கூடாது. இந்த இரண்டும் பொருந்தினால்தான் இந்தக் கூட்டணியைப் பற்றிப் பேசவே இடமிருக்கிறது.

பி12 குறைபாடு வேறு கதை. குறைபாடே மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரும். நேரத்தோடு சரிசெய்தால் பலருக்கு அது விலகும். மறதிக்கான முதல் பரிசோதனைகளில் பி12 இடம்பெறுவது அதனால்தான். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே கொள்வார்கள். 200-க்கும் 300-க்கும் நடுவே இருந்தால், பி12 குறையும்போது கூடும் மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் பார்த்து உறுதிசெய்வது நல்லது.

இன்சுலின் கதையோடு இது சந்திக்கும் இடம் மெட்ஃபார்மின். இன்சுலின் எதிர்ப்புக்கு முதலில் தரப்படும் அந்த மாத்திரையே பி12-ஐக் குறைக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கும் மேல் நடந்த ஓர் ஆய்வில் (2010) மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் பி12 அளவு 19 சதவீதம் இறங்கியது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரையும் கூடவே இருந்தால் குறைபாட்டுக்கு இரட்டை வாய்ப்பு. கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதி, மறதியை வயதின் கணக்கில் எழுதி, பி12-ஐப் பார்க்காமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மறைவிலைகள் மூன்று:

- பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சரியாகி, நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.
- பி6 அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. மேலே சொன்ன ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் தந்ததோ 20 மில்லிகிராம்! கடைகளில் 50, 100 மில்லிகிராம் மாத்திரைகளும் கிடைக்கின்றன.
- சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதே மூன்றையும் அதிக அளவில் கொடுத்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், சிறுநீரகம் இன்னும் வேகமாகக் கெட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. 'பி வைட்டமின் தண்ணீரில் கரைவது, மிஞ்சினால் வெளியே போய்விடும்' என்ற ஆறுதல் இவர்களுக்குப் பொருந்தாது.

## வைட்டமின் ஈ

அல்சைமர் உறுதியானவர்களிடம் பெரிய ஆய்வில் ஏதோ ஒரு பலனைக் காட்டிய வைட்டமின் என்றால் இதுதான். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 613 பேரிடம் நடந்த ஆய்வில் (2014), நாளொன்றுக்கு 2000 யூனிட் எடுத்தவர்களுக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைத்திறன் இழப்பு ஆண்டுக்கு 19 சதவீதம் மெதுவாக நடந்தது. மொத்த ஆய்வுக்காலத்தில் அது ஏறத்தாழ 6 மாதம் தள்ளிப்போனதற்குச் சமம். பார்த்துக்கொள்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் நினைவாற்றல் மதிப்பெண்ணில் முன்னேற்றம் இல்லை, மெமாண்டின் என்ற அல்சைமர் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தவர்களிடம் அந்தப் பலனும் தெரியவில்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

லேசான அறிதிறன் குறைவு உள்ள 769 பேரிடம் 3 ஆண்டு நடந்த ஆய்வில் (2005) ஈ எதையும் தடுக்கவில்லை. பி கூட்டணிக்கு நேர் எதிரான நிலை இது: அது முன்கட்டத்தில் நம்பிக்கை தருகிறது, இது பின்கட்டத்தில்.

மறைவிலை கனமானது. நாளொன்றுக்கு 400 யூனிட்டோ அதற்கு மேலோ எடுத்தால் இறப்பு விகிதம் சற்றே உயர்வதாக 2005-இல் ஒரு தொகுப்பாய்வு எச்சரித்தது. ஆண்களிடம் நடந்த செலக்ட் ஆய்வில், தினம் 400 யூனிட் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு இரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

இன்சுலின் பக்கம் பார்த்தால் இன்னும் சுவாரசியம். 2009-இல் ஜெர்மனியில் இளம் ஆண்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, ஒரு பகுதியினருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு உடம்பு இன்சுலினுக்குப் பதிலளிக்கும் திறன் கூடியது. மாத்திரையும் எடுத்தவர்களுக்குக் கூடவில்லை! உடற்பயிற்சியின்போது உண்டாகும் சிறு அளவு ஆக்சிஜனேற்ற அழுத்தமே தசையைப் பழக்கப்படுத்தும் சமிக்ஞை, மாத்திரை அதை அணைத்துவிட்டது என்பது விளக்கம். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைச் சொல்லவில்லை. இருந்தாலும், இன்சுலினுக்காக நடக்கத் தொடங்கியவர், அதே இன்சுலினுக்காக என்று நினைத்து சி-யையும் ஈ-யையும் விழுங்குவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

## வைட்டமின் டி

டி மிகக் குறைவாக உள்ள முதியவர்களுக்கு மறதிநோய் அதிகம் வருகிறது என்பது உண்மை. 1658 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு (2014) இதைத் தெளிவாகவே காட்டியது. ஆனால் நோய் தொடங்குகிறவர் வெளியே போவதும் வெயில் படுவதும் குறைந்துவிடும். எது காரணம், எது விளைவு?

இன்சுலினைப் பொறுத்தவரை, சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 2423 பேருக்குத் தினம் 4000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள் (2019). நோய் வருவது 12 சதவீதம் குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான். குறைபாடு இருந்தால் எலும்புக்காக, தசைக்காகச் சரிசெய்யுங்கள். மூளைக்காக என்று அளவைக் கூட்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வில் மூதாட்டிகள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அதிகமாயின. நாள்பட்ட மிகையளவு கால்சியத்தை ஏற்றிவிடும், கால்சியம் ஏறினால் அதுவே மனக்குழப்பத்தை உண்டாக்கும்.

## பென்ஃபோதயமின்

சர்க்கரையை ஆற்றலாக மாற்றும் முக்கிய நொதிகளுக்கு பி1 கட்டாயம் தேவை. அதன் உடலில் எளிதாகச் சேரும் வடிவம்தான் பென்ஃபோதயமின். 2020-இல் வெளியான ஆய்வில், அமைலாய்டு உறுதியான, ஆரம்பக்கட்டத்தில் இருந்த 70 பேருக்கு ஓராண்டு தினம் 600 மில்லிகிராம் தந்தார்கள். ஓர் அளவுகோலில் நோய் முற்றுவது கணிசமாகக் குறைந்தது. முதன்மை நினைவாற்றல் அளவுகோலில் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் புள்ளியியல் ரீதியாக உறுதியாகவில்லை. குறிப்பிடத்தக்க பக்கவிளைவு இல்லை.

ஆர்வமூட்டும் தொடக்கம், அவ்வளவே. 70 பேரை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. மதுப்பழக்கம் உள்ளவர், நெடுநாள் வாந்தியில் இருந்தவர், எடைகுறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோருக்கு பி1 குறைபாடே இருக்கலாம். அது அவசர சிகிச்சை, கடையில் வாங்கிச் சமாளிக்கும் விஷயம் அல்ல.

## மல்ட்டிவைட்டமினும் நியாசினும்

அமெரிக்காவின் காஸ்மாஸ் ஆய்வில், 60 வயதைத் தாண்டிய நலமான முதியவர்களிடம் தினசரி மல்ட்டிவைட்டமின் மூளையின் முதுமையைச் சுமார் 2 ஆண்டு தள்ளிப்போட்டது. 'நலமான' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். அல்சைமர் நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டதல்ல. ஒரு சின்ன எச்சரிக்கை: பயோட்டின் (பி7) அதிகமுள்ள மாத்திரைகள் தைராய்டு, மாரடைப்புக்கான டிரோபோனின் போன்ற இரத்தப் பரிசோதனைகளைத் தவறாகக் காட்டக்கூடும்.

நியாசினை (பி3) நேரடியாகத் தவிர்க்கச் சொல்வேன். கொலஸ்ட்ராலுக்காக அதிக அளவில் தரப்பட்ட அதன் நிகோடினிக் அமில வடிவம் இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டுகிறது, சர்க்கரையை ஏற்றுகிறது. இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்க வைட்டமின் தேடுகிறவர் கையில், அதைக் கூட்டும் வைட்டமினே வந்து சேரும் வாய்ப்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

## மாத்திரைக்கு வெளியே

இன்சுலினையே நேராகக் குறிவைத்த மருந்துகள் என்ன ஆயின? மூக்கு வழியாக இன்சுலின் செலுத்திய 289 பேர் ஆய்வில் (2020) பலன் இல்லை. இடையில் தெளிப்புக் கருவியையே மாற்ற வேண்டி வந்தது, அதனால் விவாதம் முடியவில்லை. இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும் பியோக்ளிட்டசோன் தோற்றது. சர்க்கரைக்கும் எடைக்குறைப்புக்கும் தரப்படும், பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட செமாக்ளுட்டைடும் ஆரம்பநிலை அல்சைமரை மெதுவாக்கவில்லை என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சர்க்கரையை மருந்தால் மிக இறுக்கிப் பிடித்த அக்கார்டு ஆய்வில் அறிவாற்றலுக்கு லாபம் இல்லை, இறப்பு கூடியது. மறதி உள்ளவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது உயர்வதைவிட உடனடி ஆபத்து.

மிஞ்சி நிற்பது உடற்பயிற்சி. 2022-இல் ஜெர்மனியில், அதிக எடையோ உடல்பருமனோ உள்ள, உட்கார்ந்தே இருந்த 21 பேருக்கு 8 வாரப் பயிற்சி கொடுத்து, மூளை இன்சுலினுக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்பதை ஸ்கேனில் அளந்தார்கள். பதிலளிக்கும் திறன் திரும்பியிருந்தது. சின்ன ஆய்வுதான், இவர்கள் அல்சைமர் நோயாளிகளும் அல்ல. ஆனாலும் மூளையின் இன்சுலின் எதிர்ப்பை உயிரோடிருப்பவரிடம் அளந்து, அது மாறியது என்று காட்டிய சாட்சி இங்கே இருக்கிறது. ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது என்பதும் (2011), உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்தநாள அபாயக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்த பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வில் 1260 பேரிடம் பலன் தெரிந்தது என்பதும் (2015) இதே திசையைக் காட்டுகின்றன. மறைவிலை இதற்கும் உண்டு: நேரம், துணைக்கு ஓர் ஆள், விழும் அபாயம். இன்சுலின் ஊசியோ சர்க்கரையைக் குறைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழலாம்.

| வழி | மனித ஆய்வு சொல்வது | இன்சுலினுக்கு | முன்பரிசோதனை | முக்கிய மறைவிலை |
|---|---|---|---|---|
| பி12, ஃபோலேட், பி6 | முன்கட்டத்தில், ஹோமோசிஸ்டீன் உயர்ந்தவருக்கு நம்பிக்கை. அல்சைமரில் பலனில்லை | நேரடித் தொடர்பு நிரூபணமில்லை | உண்டு | சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர். பி6 மிகை |
| ஈ | அல்சைமரில் அன்றாடத் திறன் சற்று நீடிக்கும் | பயிற்சியின் பலனைக் குறைக்கலாம் | பயனில்லை | இரத்தக்கசிவு, புராஸ்டேட் |
| டி | அறிவாற்றலுக்கு நிரூபணமில்லை | மிகச் சிறிது | உண்டு | மிகையில் கால்சியம் |
| பென்ஃபோதயமின் | சிறு ஆய்வு, நம்பிக்கைக்கீற்று | சர்க்கரை எரிப்பில் துணை | குறைபாட்டுக்கு மட்டும் | காசு |
| மல்ட்டிவைட்டமின் | நலமானவருக்குச் சிறு பலன் | இல்லை | தேவையில்லை | பரிசோதனைக் குழப்பம் |
| உடற்பயிற்சி | முன்கட்டத்தில் நம்பிக்கை தருகிறது | மூளையில் அளந்து காட்டப்பட்டது | இதயம், சமநிலை | விழுதல், தாழ்சர்க்கரை |

## யாருக்கு எது?

மெட்ஃபார்மின் எடுப்பவர், மறதி தொடங்கியிருக்கிறது: வேறெதற்கும் முன் பி12 பரிசோதனை. குறைவென்றால் பி12 மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

லேசான அறிதிறன் குறைவு, ஹோமோசிஸ்டீன் 13-க்கு மேல், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது: பி கூட்டணியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கத் தகுந்த ஆள் இவர்தான். ஒமேகா-3 நிலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அல்சைமர் உறுதி, டோனெபெசில் வகை அல்சைமர் மருந்து எடுக்கிறார், இரத்தக்கசிவு அபாயம் இல்லை: ஈ பற்றிப் பேசலாம். 2000 யூனிட் என்பது வீட்டில் தீர்மானிக்கிற அளவு அல்ல.

பரிசோதனை எல்லாம் இயல்பு, சர்க்கரை மட்டும் எல்லையில்: மாத்திரைக்கான காசை நடைக்குத் துணைவரும் ஆளுக்கோ, நல்ல காலணிக்கோ கொடுப்பேன்.

ஏற்கெனவே நாலைந்து டப்பாக்கள் வீட்டில் இருந்தால் அவற்றை அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் சென்று, பி6 மொத்தம் எத்தனை மில்லிகிராம், ஈ மொத்தம் எத்தனை யூனிட் என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வைட்டமின் மூன்று டப்பாக்களில் ஒளிந்திருப்பது வழக்கம். புதிதாக எதைத் தொடங்கினாலும் எந்த அளவைக் குறைக்க அல்லது ஏற்ற என்று எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்து அதையே மறுபடி அளந்து பாருங்கள். அளவு நகரவில்லை என்றால் அந்த மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடலாம்.